சக்கரம் ஏறி இறங்க ஓர் இடம்

சென்ற மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, லெஸ்டரில் இருக்கும் நண்பர் ஒருவர், வயதில் எனக்குப் பதினைந்து வருஷம் இளையவர், என்னை அண்ணா என்று அழைக்கும் உரிமை உள்ளவர், தொலைபேசியில் கூப்பிட்டார். தாம் வெகு நாளாக ஆசைப்பட்ட மாஸ்டா எம்.எக்ஸ்-5 காரை ஒருவாறு வாங்கிவிட்டதாகவும், அதை இரண்டு அங்குலம் தாழ்த்தி ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த விறைப்பான காயில்ஓவர் ஒரு செட் போட்டுவிட்டால் வளைவுகளில் தரையோடு ஒட்டிக்கொண்டு போகும் என்று பார்க்கிறவர்களெல்லாம் சொல்வதாகவும், எந்தக் கம்பெனியின் சாமான் நல்லது என்பதை மட்டும் நான் சொன்னால் அன்றிரவே பணம் கட்டிவிடுவதாகவும் சொன்னார். அவர் குரலில் இருந்த உற்சாகத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் சொல்லாமலும் இருக்க முடியவில்லை. “தம்பி, காருக்கு அடியில் படுத்து புஷ்களைப் பார்த்தாயா?” என்று கேட்டேன். “புஷ்ஷா? அதைப் பார்க்கவில்லையே அண்ணா” என்றார். அந்தப் பேச்சு ஒரு மணி நேரம் நீண்டது. அன்று சொன்னவற்றையும், நேரமின்மையால் சொல்லாமல் விட்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன். அவருக்கு மட்டுமன்றி, பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை ஊர்ச் சாலைகளில் சந்தோஷமாகவும் நம்பிக்கையாகவும் ஓட்ட விரும்பும் எவருக்கும் இது பிரயோஜனப்படும் என்று நினைக்கிறேன்.

முதலில் இந்தக் காரின் பிறவிக் குணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஏனெனில் ஒரு வண்டியின் சுபாவத்தை அறியாமல் அதன் கால்களில் கை வைப்பது சரியன்று. 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் முதன்முதலாக உலகத்தின் கண்ணில் பட்ட எம்.எக்ஸ்-5, மறு வருஷம் பிரிட்டனுக்கு வந்தது. அதை உருவாக்கும் பொறுப்பை ஏற்றிருந்த தோஷிஹிகோ ஹிராய் என்ற பொறியாளர், குதிரையும் அதன்மேல் இருப்பவனும் ஓருடலாகிவிடும் நிலையைக் குறிக்கும் “ஜின்பா இட்டாய்” என்ற ஜப்பானியச் சொற்றொடரையே தம் குழுவினருக்கு இலட்சியமாக வைத்தார். ஆயிரம் கிலோவுக்கும் குறைவான எடை, முன்னும் பின்னும் ஏறத்தாழச் சமமாகப் பங்கிடப்பட்ட பாரம், நான்கு சக்கரங்களையும் மேலும் கீழுமாக இரண்டிரண்டு ஆர்ம்கள் தாங்கும் இரட்டை விஷ்போன் அமைப்பு என்று, அந்த விலைக்குக் கிடைக்கும் கார்களில் காண்பதற்கரிய லட்சணங்களெல்லாம் இதில் ஒருங்கே அமைந்தன. இவர்கள் முன்மாதிரியாகப் பார்த்துப் படித்த கார்களுள் முக்கியமானது 1962-இல் வெளிவந்த லோட்டஸ் எலான். அதைச் செய்த காலின் சாப்மன், ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே விறைப்பாக இருக்க வேண்டும் என்ற அக்காலத்து நம்பிக்கையை ஒதுக்கிவிட்டு, மிருதுவான ஸ்பிரிங்கையும் அதை அடக்கியாளும் நல்ல ஷாக் அப்சார்பரையும் எடை குறைந்த உடலையும் சேர்த்தார். எலானை ஓட்டியவர்கள் இன்றளவும் அதன் மென்மையைத்தான் முதலில் சொல்வார்கள். எம்.எக்ஸ்-5 அந்த வம்சத்தில் வந்தது என்பதை மறந்தால், அதற்குச் செய்யும் உபகாரமெல்லாம் அபகாரமாகவே முடியும்.

அது எனக்கு அனுபவத்தில் வந்த பாடம். 1993-ஆம் வருஷத்து 1.6 லிட்டர் கார் ஒன்றை, அதற்கு இருபத்திரண்டு வயது ஆகியிருந்தபோது வாங்கினேன். வளைவில் சிறிது சாய்ந்தது. பள்ளங்களில் “டொக், டொக்” என்று ஒரு சத்தம் கேட்டது. நெடுஞ்சாலையில் ஸ்டியரிங்கை ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. இவையெல்லாம் மிருதுவான ஸ்பிரிங்கின் குற்றம் என்று முடிவு கட்டி, விலை மலிவாகக் கிடைத்த உயரம் மாற்றும் காயில்ஓவர் ஒரு செட் வாங்கிப் போட்டேன். சக்கரத்தின் மையத்துக்கும் மட்கார்டின் விளிம்புக்கும் இடையே 35 சென்டிமீட்டர் இருந்ததை 29 ஆக இறக்கினேன். கார் பார்ப்பதற்கு அழகாக இருந்தது உண்மை. ஸ்டியரிங்கைத் தொட்டவுடன் மூக்கு திரும்பிற்று. அந்தச் சுறுசுறுப்பை நான் வேகம் என்றும் பிடிப்பு என்றும் நம்பி, சில மாதம் மகிழ்ச்சியாகவே ஓட்டினேன்.

மேக்கிள்ஸ்ஃபீல்டிலிருந்து பக்ஸ்டனுக்கு மலையேறிச் செல்லும் ஏ537 சாலையை, அதன் உச்சியில் உள்ள பழைய விடுதியின் பெயரால் கேட் அண்ட் ஃபிடில் என்று இங்கே சொல்வார்கள். வழி நெடுகச் சராசரி வேகத்தை அளக்கும் கேமராக்கள் இருப்பதால் அங்கே யாரும் 50 மைலுக்கு மேல் போவதில்லை; நானும் அன்று ஏறத்தாழ 45 மைல் வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தேன். இடப்பக்கம் திரும்பும் ஒரு வளைவின் நடுவில், குளிர்காலத்துப் பனியில் பிளந்து பிறகு ஒட்டுப் போடப்பட்ட தார், உள்ளங்கை உயரத்துக்கு மேடிட்டிருந்தது. வெளிப்பக்கத்துச் சக்கரங்கள் அதன்மேல் ஏறின. ஏறிய சக்கரம் உள்ளே மடங்குவதற்கு இடமில்லாமல், கட்டையில் முட்டியதுபோல் கார் முழுவதையும் தூக்கிற்று. ஒரு கணம் டயர்களில் பாரமே இல்லை. அந்த ஒரு கணத்தில் கார் ஒரு முழ தூரம் பக்கவாட்டில் நகர்ந்து, எதிர்ப்புற வண்டிகளுக்குரிய கோட்டைத் தொட்டு நின்றது. எதிரே யாரும் வரவில்லை. பக்கத்திலிருந்த என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. இருக்கையின் ஓரத்தைப் பிடித்த கையை வீடு வந்து சேரும்வரை அவள் எடுக்கவும் இல்லை.

மறுநாள், ஸ்டாக்போர்ட்டில் தனியாக ஒரு சிறு பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் காரைக் கொண்டுபோனேன். அவர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, ஷாக்கை அவிழ்க்கவில்லை, கம்ப்யூட்டரில் ஏற்றவில்லை. மேஜை டிராயரிலிருந்து நான்கு கேபிள் டை எடுத்து, ஒவ்வொரு ஷாக்கின் பளபளப்பான தண்டிலும் ஒன்றைச் சுற்றி, வழுக்கிப் போகாமலும் இறுகிப் பிடிக்காமலும் இருக்கும்படி இழுத்து, அடிவரை தள்ளிவிட்டு, “பத்து மைல் ஓட்டிவிட்டு வாருங்கள்” என்றார். ஷாக் எவ்வளவு மடங்குகிறதோ அவ்வளவுக்கு அந்த நாடா மேலே தள்ளப்பட்டு, திரும்ப இறங்காமல் அங்கேயே நிற்கும். திரும்பி வந்து பார்த்தோம். நான்கு நாடாக்களும், ஷாக் ஒரேயடியாக மடங்கி முட்டாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் கட்டைக்குள் புதைந்து கிடந்தன. கார் சும்மா நிற்கும்போதே முன்பக்கத்து ஷாக் மடங்குவதற்கு மிச்சமிருந்த இடம் 20 மில்லிமீட்டர். பின்பக்கம் அதற்கும் குறைவு. “ஷாக்கின்மேல் குறை சொல்லாதீர்கள், வேலை செய்ய அதற்கு இடமே இல்லை” என்றார் பெரியவர்.

அன்று முதல் இந்த விஷயத்தில் என் அபிப்பிராயம் ஒன்றுதான்: ஊர்ச் சாலையில் ஓடும் காருக்குச் சக்கரம் மேலும் கீழும் போய்வரக் கிடைக்கும் அந்தச் சில அங்குலமே பெரிய செல்வம், ஸ்பிரிங், ஷாக், கம்பி, ரப்பர் என்று நாம் எதை மாற்றினாலும் அந்தச் செல்வத்தைக் காப்பாற்றுகிறதா, கரைக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். எம்.எக்ஸ்-5 காரில் இந்தக் கேள்விக்கு விசேஷமான அவசியம் உண்டு. தாழ்வான சிறிய கார் ஆகையால், தொழிற்சாலையிலிருந்து வந்தபோதே அதன் சக்கரங்களுக்கு, முக்கியமாகப் பின்சக்கரங்களுக்கு, மேலேறும் இடம் கொஞ்சம்தான். பம்ப் ஸ்டாப்பையே ஓர் இரண்டாவது ஸ்பிரிங்காகக் கருதி, மெல்ல மெல்ல இறுகும் நுரைப் பொருளால் செய்து, வளைவில் கார் அதன்மேல் இதமாகச் சாயும்படி அமைத்திருக்கிறார்கள். அந்த நுரைக் கட்டை முப்பது வருஷத்தில் உதிர்ந்து பொடியாகிவிடுகிறது. விலையோ மிகவும் சொற்பம். ஆனால் ஆயிரம் பவுண்டு கொடுத்து ஷாக் வாங்குகிறவர்கள்கூட அதைப் பற்றி விசாரிப்பதில்லை. இன்னொரு காரியமும் சொல்ல வேண்டும். 1998-இல் வந்த இரண்டாம் தலைமுறைக் காரின் ஷாக்குக்கு மேலே பொருத்தும் மவுண்ட், முதல் தலைமுறைக் காரிலும் பொருந்தும். அது ஷாக் மடங்கக் கூடுதலாகச் சிறிது இடம் தருகிறது. அந்தச் சிறிது இடம் எனக்கு எந்த விலையுயர்ந்த சாமானையும்விட அதிகமாக உதவிற்று.

ஆனால் அதற்கும் முந்தியது புஷ். நான் வாங்கியபோது கேட்ட “டொக், டொக்” சத்தத்துக்கும், நெடுஞ்சாலையில் கார் அலைபாய்ந்ததற்கும் ஸ்பிரிங் காரணமே அன்று. விஷ்போன்கள் சட்டத்தில் பொருந்தும் இடங்களில் உள்ள ரப்பர் புஷ்கள் வெடித்து, சில இடங்களில் இரும்புக் குழாய்கள் ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடந்தன. சக்கரம் எந்தத் திசையை நோக்க வேண்டும் என்று நிர்ணயிக்கும் ஆர்ம்களே தம் இடத்தில் நிலைத்து நிற்காதபோது, அவற்றின்மேல் எத்தனை விறைப்பான ஸ்பிரிங்கை வைத்தாலும் விறைப்பு மட்டும் மிஞ்சுமே தவிர நேர்மை வராது. பழுதான வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பதற்கு முன் கூரையை மாற்ற வேண்டும் என்பது இதற்கும் பொருந்தும்.

புஷ் மாற்றும் வேலையை எனக்குத் தெரிந்தவரை விவரமாகவே சொல்கிறேன், ஏனெனில் இதிலேதான் அநேகர் தவறுகிறார்கள். இந்த ரப்பர் புஷ் என்பது, வெளியே ஓர் இரும்புக் குழாய், உள்ளே ஓர் இரும்புக் குழாய், இரண்டுக்கும் நடுவே இரண்டோடும் ஒட்டிவைத்த ரப்பர், அவ்வளவுதான். போல்ட்டை முறுக்கும்போது உள்குழாய் சட்டத்தோடு இறுகிவிடும். பிறகு ஆர்ம் ஏறி இறங்கும்போது சுழல்வது ஒன்றுமில்லை, நடுவிலுள்ள ரப்பர்தான் முறுகித் தளர்கிறது. ஆகையால், காரை ஜாக்கில் தூக்கிச் சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கிவிட்டால், காரைத் தரையில் இறக்கிய மாத்திரத்தில் ரப்பர் முறுக்கேறிவிடும். அப்புறம் நின்றாலும் ஓடினாலும் அது முறுக்கிய நிலையிலேயே இருந்து, சில மாதத்தில் கிழிந்துவிடும். முதல் முறை நான் இந்த வேலையைக் கொடுத்த ஒரு கராஜில் இப்படித்தான் செய்துவிட்டார்கள். ஒரு வருஷம் முடிவதற்குள் புது ரப்பரில் விரல் நுழையும் அளவு கிழிசல். இரண்டாம் முறை பெரியவரின் பட்டறையில் நானே கூட இருந்தேன். அவர் போல்ட்டுகளைக் கையால் முறுக்கி விட்டு, சக்கரங்களை மாட்டி, காரைச் சாய்தளத்தின்மேல் ஏற்றி, நான்கைந்து முறை அமுக்கி ஆட்டி அதன் இயல்பான உயரத்துக்கு வரவிட்டு, ஓட்டுபவரின் எடைக்குச் சமமாக இருக்கையில் மணல் மூட்டைகளை வைத்து, அதற்குப் பிறகே கீழே புகுந்து ஒவ்வொன்றாக இறுக்கினார்.

பிரிட்டனில் குளிர்காலச் சாலைகளில் உப்புத் தூவுவதால் இன்னொரு சங்கடமும் உண்டு. இந்தக் காரில் சக்கரங்களின் கோணத்தை மாற்றுவதற்காகக் கீழ் ஆர்ம்களை மையம் தப்பிய வட்டத் தலையுள்ள போல்ட்டுகளால் மாட்டியிருக்கிறார்கள். அவை துருவேறி, உள்குழாயோடு ஒன்றாக வெந்துபோனதுபோல் பிடித்துக்கொள்ளும். என் காரில் பின்பக்கத்து நீளமான போல்ட் ஒன்று, எண்ணெய் ஊற்றி மூன்று நாள் ஊறவைத்தும், தீயால் காய்ச்சியும், சம்மட்டியால் தட்டியும் அசையவில்லை. கடைசியில் ரம்பத்தால் இரண்டு பக்கமும் அறுத்தே எடுக்க வேண்டியதாயிற்று. புது போல்ட்டுக்கு காப்பர் கிரீஸ் தடவிப் போட்டோம். இந்தக் காரை வாங்குகிறவர்கள் அந்த போல்ட்டுகளின் விலையையும், அவற்றை அறுத்தெடுக்கும் நேரத்தையும் ஆரம்பத்திலேயே கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது.

ரப்பருக்குப் பதிலாகப் பாலியூரிதேன் புஷ் போடலாமா என்று தம்பி கேட்டார். போடலாம், கார் இன்னும் கூர்மையாகத் திரும்பும், ஆனால் அதில் ஆர்ம் உண்மையாகவே சுழல வேண்டியிருப்பதால் கிரீஸ் காய்ந்தால் கீச்சிடும், பிடிக்கும், வருஷத்துக்கு ஒரு முறையாவது அவிழ்த்துக் கவனிக்க வேண்டும். மழையிலும் வெயிலிலும் கடைவீதிக்கும் மலைக்கும் ஒரே காரில் போகிறவருக்கு மாஸ்டாவின் ரப்பரே உத்தமம் என்பது என் தீர்மானம்.

இனி ஸ்பிரிங். இதில் கடைக்காரர்கள் சொல்லும் எண்ணைக் கேட்டு மயங்காமல் இருக்க ஒரு சிறு கணக்கு போதும். காரின் உடல் தன் ஸ்பிரிங்குகளின்மேல் ஒரு விநாடிக்கு எத்தனை முறை ஏறி இறங்க விரும்புகிறது என்பதே அதன் உண்மையான விறைப்பு. உடலின் பாரம் ஸ்பிரிங்கை எவ்வளவு அமுக்குகிறது என்பது தெரிந்தால் இந்த எண் தானே வந்துவிடும்: சக்கரத்தின் இடத்தில் 25 சென்டிமீட்டர் அமுங்கினால் விநாடிக்கு 1 முறை, 11 சென்டிமீட்டர் என்றால் ஒன்றரை முறை, 6 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் என்றால் 2 முறை. சௌகரியமான குடும்பக் கார்கள் ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் நடுவே இருக்கும். ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றரையிலிருந்து இரண்டுக்குள். அதற்கு மேலே போனால் பந்தயத் தடத்தின் சமதளம் வேண்டும்.

இந்தக் காரில் ஒரு மூலைக்கு, சக்கரம் முதலியவற்றின் எடையைக் கழித்துவிட்டால், ஓட்டுபவரோடு சேர்த்து 230 கிலோ பாரம் என்று வைத்துக்கொள்வோம். விஷ்போன் அமைப்பில் ஸ்பிரிங் சக்கரத்துக்கு நேர் மேலே இல்லாமல் ஆர்மின் நடுவில் உட்கார்ந்திருப்பதால், சக்கரம் 10 மில்லிமீட்டர் ஏறினால் ஸ்பிரிங் ஏறத்தாழ 7 மில்லிமீட்டரே அமுங்கும். ஆகவே ஸ்பிரிங்கின் விறைப்பில் ஏறத்தாழப் பாதிதான் சக்கரத்துக்குத் தெரியும். ஜப்பானியக் கம்பெனிகள் “6 கிலோ” என்று அச்சிடும் ஸ்பிரிங்கை, அதாவது 1 மில்லிமீட்டர் அமுக்க 6 கிலோ பாரம் வேண்டுகின்ற ஸ்பிரிங்கை முன்னால் போட்டால், கணக்குப்படி விநாடிக்கு 1.8 முறை வருகிறது. அது ஊர்ச் சாலைக்கு உச்ச வரம்பு. “10 கிலோ” போட்டால் 2.3, அதுதான் என் மலிவுச் செட்டில் இருந்தது. கேட் அண்ட் ஃபிடில் மேட்டில் நடந்ததற்கு இடமின்மை பாதிக் காரணம், இந்த எண் மீதிப் பாதி.

முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள உறவையும் சொல்ல வேண்டும். மாரிஸ் ஆலி என்ற பிரிட்டிஷ் பொறியாளர், ரோல்ஸ்-ராய்ஸில் வேலை பார்த்துவிட்டு 1930-இல் அமெரிக்காவில் காடிலாக் கம்பெனிக்குப் போனவர், முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய எடைகளைக் கட்டிய ஒரு காரை ஓட்டி ஓட்டிச் சோதித்து, பின்பக்கத்து ஆட்டம் முன்பக்கத்தைவிடச் சற்று விரைவாக இருந்தால் பயணம் இதமாகிறது என்று கண்டார். மேட்டில் முன்சக்கரம் முதலில் ஏறுகிறது. பின்சக்கரம் தாமதித்து ஏறுகிறது. பின்னால் ஆட்டம் சற்று வேகமாக இருந்தால் அது முன்பக்கத்தை எட்டிப் பிடித்துவிட, கார் குதிரைபோல் முன்னும் பின்னும் துள்ளாமல் ஒரே தளமாக எழுந்து அடங்கும். இந்தக் கார்களுக்கென்று விற்கும் பல செட்டுகளில் முன்னால் மிக விறைப்பாகவும் பின்னால் தளர்வாகவும் வைத்திருப்பார்கள். நெடுஞ்சாலையில் தலையாட்டிக்கொண்டே போகும் கார்களை நான் கண்டிருக்கிறேன்.

ஷாக் அப்சார்பர் என்ற பெயரே ஒரு பிரமையை உண்டாக்குகிறது. அதிர்ச்சியை வாங்குவது ஸ்பிரிங். வாங்கிய சக்தியை வைத்துக்கொண்டு அது ஓயாமல் ஆடாதபடி, எண்ணெயைச் சிறு துவாரங்களின் வழியே பிழிந்து, அந்தச் சக்தியை உஷ்ணமாக மாற்றிக் காற்றில் விடுவதே ஷாக்கின் வேலை. நான் ஒரே ஒரு சாமானுக்குத்தான் தாராளமாகச் செலவு செய்ய முடியும் என்றால் அதை இங்கேதான் செய்வேன். ஸ்பிரிங் என்பது எவர் சுருட்டினாலும் ஏறத்தாழச் சரியாக வந்துவிடும் கம்பி. ஷாக்கின் உள்ளே இருக்கும் மெல்லிய தகடுகளின் அடுக்கோ, மெதுவான சாய்வுக்கு ஒரு விதமாகவும் திடீரென்ற குழிக்கு வேறு விதமாகவும் பதில் சொல்ல வேண்டிய நுட்பமான பொருள். வளைவில் கார் சாயும்போது தண்டு மெல்ல நகர்கிறது. அப்போது இறுக்கம் வேண்டும். குழியில் விழும்போது தண்டு வெகு வேகமாகப் பாய்கிறது. அப்போது வழிவிட வேண்டும். மலிவு ஷாக் இரண்டுக்கும் ஒரே பதிலைச் சொல்கிறது.

பிரான்ஸ் தேசத்து த கார்பன் வகுத்த ஒற்றைக் குழாய் முறையில், எண்ணெயும் அதிக அழுத்தமுள்ள நைட்ரஜன் வாயுவும் நடுவில் ஒரு மிதக்கும் தட்டால் பிரிக்கப்பட்டிருப்பதால், எவ்வளவு ஓட்டினாலும் எண்ணெய் நுரைப்பதில்லை. அதை எடுத்து வளர்த்த ஜெர்மனியின் பில்ஸ்டைன் கம்பெனி 1957-இல் மெர்சிடிஸ்-பென்ஸ் கார்களுக்குக் கொடுத்தது, மாஸ்டாவும் எம்.எக்ஸ்-5 காரின் விசேஷ மாடல்கள் சிலவற்றில் பில்ஸ்டைனையே பொருத்திற்று. நெதர்லாந்தின் கோனி கம்பெனியார் செய்யும் மஞ்சள் நிற ஷாக்கும் எனக்கு மிகவும் பிடித்தமானது. மேலே ஒரு திருகியைத் திருப்பினால் ஸ்பிரிங் விரியும்போது காட்டும் தடை கூடும், குறையும். சுருங்கும்போது உள்ளது மாறாது. இந்தத் திருகியை முழுவதும் இறுக்கிவைப்பது ஒரு பொதுவான தவறு. அப்படிச் செய்தால், அடுத்தடுத்து மூன்று மேடு வரும்போது, முதல் மேட்டில் மடங்கிய சக்கரம் விரிந்து இறங்குவதற்குள் இரண்டாவது வந்துவிடும். கார் படிப்படியாகத் தாழ்ந்து, மூன்றாவதில் பம்ப் ஸ்டாப்பின்மேல் உட்கார்ந்துவிடும். நான் இப்போது பில்ஸ்டைன் ஷாக்கும், தொழிற்சாலை ஸ்பிரிங்கைவிட மிதமாக விறைத்த ஸ்பிரிங்கும் வைத்திருக்கிறேன். உயரம் 33 சென்டிமீட்டர்.

இடப்பக்கச் சக்கரத்தையும் வலப்பக்கச் சக்கரத்தையும் இணைக்கும் ஆன்டி ரோல் பார் என்ற கம்பியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அது சாய்வைக் குறைக்கும். ஆனால் வளைவில் உள்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரத்துக்கு மாறும் மொத்தப் பாரத்தை எந்தக் கம்பியும் குறைக்க முடியாது. அது காரின் எடை, உயரம், அகலம், வளைவின் வேகம் இவற்றைப் பொறுத்தது. கம்பி செய்வதெல்லாம் அந்தப் பாரத்தில் முன்னுக்கு எத்தனை பங்கு, பின்னுக்கு எத்தனை பங்கு என்று பிரிப்பதே. முன்கம்பியைத் தடிப்பாக்கினால் மூக்கு வெளியே நழுவப் பார்க்கும். பின்கம்பியைத் தடிப்பாக்கினால் வால் வெளியே வரப் பார்க்கும். கம்பியின் விறைப்பு அதன் குறுக்களவின் நான்காம் மடியில் ஏறுவதால், 19 மில்லிமீட்டருக்குப் பதில் 22 போட்டாலே விறைப்பு ஏறத்தாழ 80 சதவீதம் கூடிவிடும். ஈரமான மலைச்சாலையில் ஓட்டுகிறவர் பின்கம்பியில் கை வைக்காமலிருப்பது க்ஷேமம்.

டயர்தான் எல்லாவற்றுக்கும் முதல் ஸ்பிரிங். இந்தக் காருக்கு விதித்த 185/60 ஆர்14 டயரின் பக்கச் சுவர் 111 மில்லிமீட்டர் உயரம். பலர் போடும் 195/50 ஆர்15 டயரில் அது 97-ஐச் சற்றுத் தாண்டும், மொத்த விட்டமோ இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றே. அதுவரை போகலாம். 17 அங்குலச் சக்கரத்தில் பட்டைபோன்ற டயரை ஏற்றினால், குழியின் அடி நேராக ரிம்முக்குப் போகும். சக்கரத்தின் எடை கூடக் கூட, மேடு பள்ளத்தைப் பின்தொடர்ந்து ஏறி இறங்குவதும் அதற்குக் கஷ்டமாகும். அலைன்மென்ட்டையும் கடைசியில் தவறாமல் செய்துகொள்ள வேண்டும். முன்சக்கரங்களுக்கு உள்சாய்வு 1 டிகிரி, பின்சக்கரங்களுக்கு ஒன்றரை, முன்னால் டோ, அதாவது உள்நோக்கோ வெளிநோக்கோ இல்லாமல், பின்னால் துளி உள்நோக்கு என்று நான் வைத்திருக்கிறேன். டயர் ஒரே சீராகத் தேய்கிறது.

மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் உள்ள கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1950-இல் ஃபோர்டு கான்சல் காரில் வந்து, இன்று உலகத்துக் கார்களில் பெரும்பகுதியைத் தாங்கிநிற்கும் அந்த அமைப்பில், காரைத் தாழ்த்தினால் கீழ் ஆர்மின் கோணம் தலைகீழாகி, உடல் சாயும் மையம், உடலின் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே இறங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் கூடுவதால், தாழ்ந்த கார் உயர்ந்த காரைவிட அதிகமாகச் சாய விரும்பும் விபரீதம் உண்டாகிறது.

பிரிட்டனில் இருப்பவர்கள், எதை மாற்றினாலும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதித் தெரிவித்துவிட வேண்டும். வருஷாந்தர எம்.ஓ.டி. சோதனையில், ஆர்ம்கள் பொருந்தும் இடத்தைச் சுற்றிலும் சட்டத்தில் துருவைத் தேடுவார்கள். காருக்கு அடியில் படுக்கும்போது நீங்களும் அதைத் தேடுங்கள்.

தம்பி அன்றிரவு பணம் கட்டவில்லை. ஏப்ரல் முழுவதும் சனிக்கிழமைதோறும் புஷ்களும் பால் ஜாயிண்டுகளும் மாற்றினார். மூன்று போல்ட்டுகளை அறுத்தார். அறுத்த ஒவ்வொன்றின் புகைப்படத்தையும் எனக்கு அனுப்பினார். மே மாதம் ஷாக்கும், புது பம்ப் ஸ்டாப்பும், இரண்டாம் தலைமுறை மவுண்ட்டும் வந்தன. பழைய ஸ்பிரிங் நன்றாக இருந்ததால் அதையே கழுவி மாட்டினார். ஜூன் இரண்டாவது வாரம் காரை இங்கே ஓட்டிவந்தார். நான்கு தண்டுகளிலும் கேபிள் டை கட்டி, கூரையைத் திறந்துவிட்டு, இருவருமாகக் கேட் அண்ட் ஃபிடில் ஏறினோம். அதே இடப்பக்க வளைவில், அதே ஒட்டுப் போட்ட மேட்டில், அதே 45 மைல் வேகத்தில் வெளிச்சக்கரங்கள் ஏறின. கார் ஒருமுறை மூச்சு வாங்கி விட்டதுபோல் எழுந்து அடங்கிற்று. அவர் கை ஸ்டியரிங்கைத் திருத்தவே இல்லை. உச்சியிலுள்ள இடத்தில் நிறுத்தி, புல்லில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தோம். முன்பக்கத்து நாடா பம்ப் ஸ்டாப்பைத் தொட்டு, நுரைக்குள் ஒரு விரற்கடை அளவு போய் நின்றிருந்தது. அதற்கு மேலும் பாதிக்கு மேல் நுரை மிச்சமிருந்தது. “இன்னும் இடம் இருக்கிறது அண்ணா” என்று சொல்லிக்கொண்டே அவர் நாடாக்களை மறுபடியும் அடிவரை தள்ளிவிட்டு, முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு, பக்ஸ்டன் வரை போய்த் திரும்பலாமா என்று கேட்டார்.